கருஞ்சதுரத்திலிருந்து மனித முகத்துக்கு



ஓவியத்தைப் பற்றி வானொலியிலே பேசுதல் எளிய காரியமன்று. கேட்போர் கண்முன் படம் இல்லை. பேசுவோன் கையிலே சொல்லைத் தவிர வேறு கருவியும் இல்லை. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட ஓவியரின் மிகப் புகழ்பெற்ற படத்தைச் சொல்லினால் காட்டுதல் மிக எளிது. வெள்ளைப் பின்னணி, அதன் நடுவே ஒரு கருஞ்சதுரம். அவ்வளவே. மரம் இல்லை, மலை இல்லை, மனிதர் இல்லை. உலகத்திலுள்ள எந்தப் பொருளையும் அப்படம் காட்டவில்லை.

இப்படத்தை வரைந்தவர் கசிமிர் மலேவிச். ஓவியம் பொருள்களைப் பார்த்து வரையும் அடிமைத் தொழிலிலிருந்து விடுபட வேண்டும் என்று ருஷ்ய நாட்டிலே முழங்கியவர் அவர். அத்தகைய ஒருவர், தம் வாழ்வின் இறுதி மூன்று ஆண்டுகளிலே, மனைவியின் முகத்தையும் மகளின் முகத்தையும் நண்பர்களின் முகங்களையும் ஈற்றிலே தம் முகத்தையும், கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரியும்படி, பழைய இத்தாலிய ஆசிரியர்களை நினைவூட்டும் முறையிலே வரைந்தார். இது ஏன் நிகழ்ந்தது? அரசின் அச்சத்துக்குப் பணிந்தாரா? தாம் போதித்தது பிழையெனக் கண்டு திரும்பினாரா? அன்றி, வெளிப் பார்வைக்குத் திரும்புதல் போலத் தோன்றுவது உண்மையிலே வேறொன்றா? இக்கேள்விகளை அவருடைய வரலாற்றோடு சேர்த்து ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மலேவிச் 1879ஆம் ஆண்டு கீவ் நகரிலே போலந்துக் குடும்பமொன்றிலே பிறந்தவர். தந்தையார் சீனி ஆலைகளிலே தொழில் பார்த்தவர். ஆலைக்கு ஆலை மாறிய தந்தையோடு பையனும் உக்ரேன் நாட்டுக் கிராமங்கள் பலவற்றிலே வளர்ந்தான். ஆலைத் தொழிலாளரின் வாழ்க்கை மணியோசைக்குக் கட்டுண்டு கிடந்தது. குடியானவர்களோ தம் வீட்டுச் சுவரிலும் அடுப்பிலும் பூவும் பறவையும் தீட்டினார்கள். ஆடையிலே வண்ண நூலால் பின்னல் வேலை செய்தார்கள். தாம் அக்குடியானவர்களின் பக்கமே சாய்ந்ததாகப் பிற்காலத்திலே எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளில் அவர் கூறியுள்ளார். இச்செய்தியை நேயர்கள் மனத்திலே வைத்துக்கொள்ளல் வேண்டும். அக்குடியானவர்கள் இக்கதையிலே மீண்டும் வருவார்கள்.

கூர்ஸ்க் நகரிலே புகையிரதக் காரியாலயமொன்றிலே படவரைஞராக வேலை பார்த்து, அதன்பின் மொஸ்கோ சென்று ஓவியம் பயின்றார். பாரிஸ் நகரத்துப் புதுமைகளெல்லாம் அக்காலத்து மொஸ்கோவுக்கு விரைவிலே வந்து சேர்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றுக் கடந்து சென்றார் மலேவிச். 1913ஆம் ஆண்டு அவர் வரைந்த இசையமைப்பாளர் மத்தியூஷினின் உருவப்படத்திலே, வடிவங்கள் துண்டு துண்டாக நொறுங்கிக் கிடக்கின்றன. வகிடு எடுத்து வாரிய தலைமயிரும் அதன் கீழே நெற்றியின் ஒரு பகுதியும் மாத்திரமே மனிதரைச் சேர்ந்தவை என்று அடையாளம் காணக்கூடியன. முகம் அப்போதே மறையத் தொடங்கிவிட்டது.

அதே ஆண்டின் முடிவிலே, அதே மத்தியூஷின் இசையமைத்த 'சூரியன்மீது வெற்றி' என்னும் இசைநாடகத்துக்கு மலேவிச் அரங்கச் சீலைகளும் ஆடைகளும் வகுத்துக் கொடுத்தார். கருஞ்சதுரத்தின் கரு அந்நாடகத்திலேதான் தோன்றியதென்று பின்னர் அவர் கூறினார். அதனாலேயே, 1915ஆம் ஆண்டு வரைந்த படத்துக்கு 1913 என்று ஆண்டு கொடுத்தார். தம் படங்களின் ஆண்டுகளை உண்மையிலே வரைந்த நாளைக்கொண்டு குறியாமல், எண்ணம் உதித்ததாகத் தாம் கருதிய நாளைக்கொண்டு குறிப்பது அவருடைய வழக்கமாயிற்று. வரலாறு எழுதுவோருக்கு இவ்வழக்கம் பெருந்தொல்லையாக முடிந்தது.

1915 டிசெம்பர் மாதம் பெத்ரோகிராட் நகரிலே '0,10' என்னும் விசித்திரப் பெயர் பூண்ட கண்காட்சி நடைபெற்றது. அங்கே மலேவிச்சின் 39 படங்கள் தொங்கின. கருஞ்சதுரம் ஏனைய படங்களோடு வரிசையிலே வைக்கப்படவில்லை. இரு சுவர்கள் கூடும் மேல்மூலையிலே குறுக்காக மாட்டப்பட்டது. இதன் பொருள் ருஷ்யருக்கு உடனே விளங்கியிருக்கும். நம் வீடுகளிலே சாமியறை இருப்பது போல, ருஷ்யக் கிறித்தவ இல்லங்களிலே அறையின் மேல்மூலை புனிதமான இடம். இயேசுநாதர், தேவமாதா ஆகியோரின் திருவுருவங்களை அங்கேதான் வைப்பர். அத்திருமுகங்கள் இருக்கவேண்டிய இடத்திலே முகமற்ற கருஞ்சதுரத்தை வைத்தார் மலேவிச். தம் நெறிக்குச் சுப்ரிமாட்டிசம் என்று பெயரிட்டார். கலையிலே தூய உணர்வே அனைத்துக்கும் மேலானது என்பது அதன் கருத்து.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. அதே காலத்திலே அவர் செஞ்சதுரம் ஒன்றையும் வரைந்தார். அதற்கு அவர் சூட்டிய தலைப்பு, ஒரு குடியானவப் பெண்ணை நீளம் அகலம் என்னும் இரு பரிமாணங்களிலே காட்டும் மெய்ம்மை ஓவியம் என்ற பொருளுடையது. பார்ப்பதற்குச் சிவப்புச் சதுரம். பெயரிலோ குடியானவப் பெண். மனிதரை முற்றாகத் துறந்துவிட்டதாக எண்ணப்பட்ட அந்நாளிலேயே, மனிதர் தலைப்பிலே வந்து நின்றார்கள். இதனை வெறும் குறும்பு என்று தள்ளிவிடலாம். ஆனால் பின்னே நிகழ்ந்தவற்றை அறிந்த நமக்கு அது குறும்பாக மாத்திரம் தோன்றவில்லை.

1917ஆம் ஆண்டின் புரட்சி மலேவிச்சுக்கு மேடை கொடுத்தது. 1918இல் வெள்ளைப் பின்னணிமீது வெண்சதுரம் வரைந்து நிறத்தையும் கைவிட்டார். 1919இல் விதெப்ஸ்க் நகரக் கலைப் பள்ளியிலே ஆசிரியரானார். அங்கே மாணவர்கள் அவரைச் சூழ்ந்து 'உனோவிஸ்' என்னும் குழுவை அமைத்து, கருஞ்சதுரத்தைத் தம் சட்டைக் கையிலே சின்னமாக அணிந்தனர். 1920இல் பிறந்த தம் மகளுக்கு அக்குழுவின் பெயரிலிருந்தே ஊனா என்று பெயரிட்டார் மலேவிச். ஓவியத்தின் காலம் முடிந்துவிட்டது என்னும் கருத்தை அவர் எழுதி வெளியிட்டதும் அவ்வாண்டிலேதான். அதன்பின் சில ஆண்டுகள் அவர் பெரும்பாலும் தூரிகையைத் தொடவில்லை. கற்பித்தலும் எழுதுதலும், எதிர்கால மாளிகைகளுக்கு வெள்ளைச் சுண்ணத்திலே மாதிரிகள் செய்தலுமே அவர் தொழிலாயின. எனவே, பிற்காலத்திலே அவர் முகத்துக்குத் திரும்பினார் என்று சொல்லும்போது, முதலிலே ஓவியத்துக்கே திரும்பினார் என்பதை மறந்துவிடலாகாது.

புரட்சி கொடுத்த மேடையை அரசு நெடுநாள் விட்டுவைக்கவில்லை. லெனின்கிராட் நகரிலே மலேவிச் தலைமை தாங்கிய கலைப் பண்பாட்டு ஆய்வு நிலையத்தை, அரசாங்கச் செலவிலே நடக்கும் மடம் என்று 1926இல் ஒரு பத்திரிகை தாக்கி எழுதியது. அவ்வாண்டின் இறுதிக்குள் நிலையம் மூடப்பட்டது. மறு ஆண்டு, 1927இல், மலேவிச் தம் படங்களை எடுத்துக்கொண்டு வார்சோவுக்கும் அங்கிருந்து பேர்லினுக்கும் சென்றார். இரு நகரங்களிலும் நல்ல வரவேற்புக் கிடைத்தது. ஆனால் பயணத்தை முடிக்குமுன்பே திரும்பி வரும்படி கட்டளை வந்தது. ஏறத்தாழ எழுபது படங்களையும் தம் எழுத்துக்கள் பலவற்றையும் ஜேர்மனியிலே நண்பர்களிடம் ஒப்படைத்து, தமக்கு மரணமோ சிறையோ நேரின் அவ்வெழுத்துக்களை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்துவிட்டு ஊர் திரும்பினார். அப்படங்களை அவர் மறுபடி காணவே இல்லை.

இப்பிரிவினாலே விளைந்த ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. 1929இல் மொஸ்கோவிலுள்ள திரெத்தியாக்கொவ் காட்சிச்சாலையிலே மலேவிச்சின் படங்களுக்கென்று தனிக் கண்காட்சி ஏற்பாடாயிற்று. ஐம்பது வயது நிரம்பிய ஓவியர் தம் வாழ்நாட் பணியைக் காட்ட வேண்டும். பணியின் பெரும்பகுதியோ பேர்லினிலே கிடக்கிறது. எனவே அவர் மீண்டும் தூரிகையை எடுத்தார். இளமையிலே தாம் கையாண்ட பொருள்களை மறுபடி வரைந்தார். புதிதாக வரைந்தவற்றுக்கும் பழைய ஆண்டுகளையே குறித்தார். 1928, 1929ஆம் ஆண்டுகளின் படங்கள் 1909, 1910, 1912 என்றெல்லாம் பெயர் கொண்டன. பிற்கால ஆய்வாளர்கள் நிறத்தையும் நடையையும் ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து இவ்வுண்மையை வெளிப்படுத்தும்வரை, இப்படங்கள் கருஞ்சதுரத்துக்கு முற்பட்டவை என்றே பலரும் நம்பினர்.

அவ்வாறு அவர் எதனை வரைந்தார்? உக்ரேன் வயல்வெளியிலே நிற்கும் குடியானவர்களை வரைந்தார். ஆனால் இளமைக் காலத்துக் குடியானவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வேற்றுமை உண்டு. பின்னே நிறப் பட்டைகளாக நிலம். மேலே வெறுமையான வானம். நடுவே நேராக நிற்கும் ஆணும் பெண்ணும். முகம் இருக்கவேண்டிய இடத்திலே வெறும் முட்டை வடிவம். கண் இல்லை, வாய் இல்லை. சிலருக்குக் கைகளும் இல்லை. மஞ்சட் சட்டை அணிந்த முகமற்ற ஒருவன், தூரத்திலே சாளரம் இல்லாத செந்நிற வீடு ஒன்று பின்னே தெரிய நிற்கும் படம் இவற்றுள் பெயர்பெற்றது. வாழ்வின் வெறுமை, தனிமை, போக்கிடம் இன்மை ஆகிய உணர்வுகளின் கூறுகளால் அமைந்தது அது என்னும் பொருள்படத் துணியின் பின்புறத்திலே மலேவிச் எழுதி வைத்தார். வேறொரு படத்திலே ஒருவன் நிறப் பட்டைகளாய்க் கிடக்கும் நிலத்தின் குறுக்கே ஓடுகிறான். பின்னே சிலுவையும் வாளும் நிற்கின்றன.

இக்காலம் எத்தகையது என்பதை நேயர்கள் அறிவர். 1929 முதல் சோவியத் நாட்டிலே குடியானவர்களின் நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாக வலிந்து இணைக்கப்பட்டன. எதிர்த்தோர் ஊர்விட்டு ஓட்டப்பட்டனர். 1932, 1933ஆம் ஆண்டுகளிலே உக்ரேனிலே பெரும்பஞ்சம் வந்து இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1928 முதல் 1930 வரை மலேவிச் கீவ் நகரக் கலை நிலையத்திலே கற்பிக்கச் சென்று வந்தவர். முகமற்ற குடியானவர்களை அக்கொடுமையோடு இணைத்துக் காண்போர் பலர். அவ்வாறு காண்பது இயல்பே. எனினும் படங்களிற் சில கொடுமை உச்சநிலை அடையுமுன்பே தொடங்கப்பட்டவை என்பதையும் கணக்கிலே கொள்ளல் வேண்டும். தாம் இளமையிலே நேசித்த ஒரு சமுதாயம் பெயரும் முகமும் இழந்து நிற்பதை அவர் வரைந்தார் என்ற அளவிலே நாம் துணிந்து கூறலாம்.

1930 செப்டெம்பரிலே மலேவிச் கைதுசெய்யப்பட்டார். ஜேர்மனிப் பயணத்தைப் பற்றியும் அங்கே அவர் பழகியவர்களைப் பற்றியும் விசாரணை நடைபெற்றது. டிசெம்பரிலே விடுதலையானார். 1932 ஏப்ரலில் கட்சியின் மத்திய குழு ஓர் ஆணை பிறப்பித்து எல்லாக் கலை, இலக்கியக் குழுக்களையும் கலைத்தது. 1934இல் எழுத்தாளர் மகாநாட்டிலே சோசலிச யதார்த்தவாதம் என்பதே ஒப்புக்கொள்ளப்பட்ட நெறியாக அறிவிக்கப்பட்டது. உழைக்கும் மக்களின் முன்னேற்றத்தை யாவருக்கும் விளங்கும் வகையிலே தீட்ட வேண்டும் என்பது அந்நெறி. வடிவத்தையே பெரிதாகக் கொண்டோர் என்னும் பழிச்சொல் மலேவிச் போன்றோருக்குச் சூட்டப்பட்டது.

இந்தச் சூழலிலேதான் முகம் திரும்புகிறது. 1932 முதல் 1934 வரை அவர் பல உருவப்படங்களை வரைந்தார். அவை எல்லாம் ஒரே தன்மையின அல்ல. கடுமையாக உழைக்கும் தொழிலாளி ஒருவனின் படமும் அவற்றுள் உண்டு. காலத்தின் கோரிக்கைக்கு விடையிறுத்ததாக அதனைக் கொள்ளலாம். பழைய தோழர் கிளியூன் போன்றோரின் படங்கள், கருஞ்சதுரத்தையே அறியாத ஒருவர் வரைந்தன போல, எளிய இயல்பு முறையிலே அமைந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே கிளியூனின் முகத்தை உலோகத் தகடுகளைப் போல வெட்டிப் பிரித்து வரைந்தவரும் இவரே. ஆனால் மூன்றாவது வகையைச் சேர்ந்த சில படங்களே நம் கேள்விக்கு உயிரானவை. அவற்றுள் மூன்றைச் சொல்லினால் காட்ட முயல்வேன்.

முதலாவது, 1933இல் வரைந்த கலை விமரிசகர் நிக்கொலாய் பூனினின் படம். புரட்சியின் முதல் நாட்களிலிருந்தே புதுக் கலைக்காக எழுதிப் போராடியவர் பூனின். அவரை அக்காலத்துச் சோவியத் உடையிலே மலேவிச் வரையவில்லை. எந்த நாட்டிலும் எவரும் அணிந்திராத ஒரு மேலங்கி. அது நேர்கோடுகளாலும் தட்டையான நிறத் துண்டுகளாலும் ஆயது. முகமோ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இத்தாலிய உருவப்படங்களிலே காணும் அமைதியும் உறுதியும் உடையது. அங்கியை மாத்திரம் தனியே வெட்டி எடுத்தால் 1916ஆம் ஆண்டின் சுப்ரிமாட்டிசப் படமொன்றின் துண்டு என்றே சொல்லிவிடலாம்.

இரண்டாவது, 'தொழிலாளிப் பெண்' என்னும் படம். அப்பெண்ணின் கைகள் மார்பின் முன்னே விநோதமாக வளைந்து நிற்கின்றன. சற்று நேரம் பார்த்தால் அக்கைகளின் நிலை எங்கோ கண்டது போலத் தோன்றும். தேவமாதா குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் திருவுருவங்களிலே கைகள் அவ்வாறே இருக்கும். இங்கே கைகள் ஏந்துகின்றன. குழந்தை மாத்திரம் இல்லை. 'தொழிலாளிப் பெண்' என்ற தலைப்பை அதிகாரிகள் ஏற்றுக்கொள்வர். ஆயினும் அவ்வெறுமையான கைகளிலே எத்தொழிலும் இல்லை.

மூன்றாவது, 1933ஆம் ஆண்டின் தன்னுருவப்படம். இப்போது சென்பீட்டர்ஸ்பேர்க் என்று பழைய பெயராலே மீண்டும் வழங்கும் அந்நகரின் ருஷ்ய நூதனசாலையிலே அது இருக்கிறது. தொப்பியும் அகன்ற நிறப் பட்டைகளையுடைய ஆடையும் அணிந்து, பழைய இத்தாலிய நகரமொன்றின் பெருமகன் போலத் தோன்றுகிறார் மலேவிச். கையிலே தூரிகையும் இல்லை, வண்ணத் தட்டும் இல்லை. ஒரு கை உடலின் முன்னே விரிந்து, பெருவிரல் ஏனைய விரல்களிலிருந்து விலகி நிற்கிறது. அக்கை எதையோ சுட்டுகிறது, அன்றி எதையோ ஏந்தியிருக்கிறது. ஆனால் அங்கே ஒன்றும் இல்லை. தேவமாதா தன் மகனைச் சுட்டிக் காட்டும் திருவுருவங்களின் கைக்குறி அது என்பர் சிலர். பெருவிரலும் உள்ளங்கையும் சேர்ந்து, காணப்படாத ஒரு சதுரத்தின் மூலையைக் காட்டுகின்றன என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், கீழ் மூலையிலே கையொப்பம் இருக்கவேண்டிய இடத்திலே மலேவிச் தம் பெயரை எழுதவில்லை. சிறியதொரு கருஞ்சதுரத்தைப் பொறித்து வைத்தார். பூனினின் படத்திலும் மனைவியின் படத்திலும் அதே சின்னம் உண்டு.

இனி, நாம் தொடக்கத்திலே எழுப்பிய கேள்விக்கு வருவோம். இப்படங்களைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் நெடுநாளாக வழங்கி வந்தன. ஒன்று, மலேவிச் அச்சத்தினாலே பணிந்தார் என்பது. மற்றொன்று, அவர் பணிந்தவர் போல நடித்து உள்ளே எதிர்த்தார் என்பது.

பணிந்தார் என்ற தீர்ப்பிலே உண்மை இல்லாமல் இல்லை. சிறை சென்று வந்தவர், நிலையத்தை இழந்தவர், வெளிநாட்டுக் கதவு அடைபட்டவர். 1932இல் ருஷ்ய நூதனசாலையிலே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று கிடைத்தது. அதற்கு அப்பால் நாட்டிலே அவருக்கு இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. அத்தகைய நிலையிலே வரைந்த படத்தை முற்றிலும் சுதந்திரமாக வரைந்தது என்று எவரும் கூறார். எனினும் காலவரிசை இத்தீர்ப்புக்கு முழு ஆதரவு தரவில்லை. மனித உருவம் அவர் துணியிலே மீண்டும் தோன்றியது 1928ஆம் ஆண்டளவிலே. கைது நிகழ்ந்தது 1930இல். ஆணை பிறந்தது 1932இல். வெளியிலிருந்து கட்டளை வருமுன்பே உள்ளிருந்து ஏதோ ஒன்று அவரை மனிதரிடம் திருப்பியிருக்கிறது. அன்றியும், அதிகாரிகள் விரும்பிய முகம் இதுவன்று. சிரித்த முகமும் கையிலே சம்மட்டியும் பின்னே புகைபோக்கியும் வேண்டிய காலத்திலே, பெயர் தெரியாத தேசத்தின் ஆடையை அணிவித்து மனிதரை நிறுத்துதல் பணிவுக்கு அடையாளமாகாது.

மனிதரிடம் திரும்பும் வேட்கை அந்நாளிலே ருஷ்யாவுக்கு மாத்திரம் உரியதாகவும் இருக்கவில்லை. முதலாம் மகாயுத்தத்தின் பின் பாரிஸ் நகரிலே பிக்காசோ தம் மனைவி ஒல்காவைப் பழைய பிரெஞ்சு ஆசிரியர்களின் முறையிலே தெளிவாக வரைந்தார். இத்தாலியிலும் புதுமையாளர் பலர் பழைய மரபை நோக்கினர். அவர்களை எந்த மத்திய குழுவும் வற்புறுத்தவில்லை. வேறுபாடு ஒன்றே: பிக்காசோ விரும்பியபோது மறுபக்கம் செல்லவும் வல்லவராயிருந்தார். மலேவிச்சுக்கு அவ்வழி அடைபட்டிருந்தது.

இனி, நடித்து எதிர்த்தார் என்னும் தீர்ப்பு. கருஞ்சதுரக் கையொப்பத்தைக் கண்டோர் இவ்வாறு சொல்ல ஆசைப்படுதல் இயல்பே. ஆனால் இத்தீர்ப்பு அம்முகங்களை வெறும் முகமூடிகளாக்கிவிடுகிறது. ஊனாவின் படத்தை எண்ணிப் பாருங்கள். தம் இயக்கத்தின் பெயரைச் சூட்டிய மகளை, அவ்வியக்கம் சிதறி ஒழிந்த பின்பு, 1934இலே, நோயாளியான தந்தை வரைகிறார். அதிகாரிகளை ஏமாற்றுவதற்காக ஒருவர் தம் மகளின் முகத்தை வரைந்தார் என்று சொல்வது பொருந்துமா?

இவ்விரு தீர்ப்புகளும் இத்துணை வலிமை பெற்றமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அது கலையைச் சார்ந்ததன்று. தேச எல்லையைச் சார்ந்தது. 1927இல் ஜேர்மனியிலே விடப்பட்ட படங்களிற் சிலவற்றை 1935இல் அல்பிரெட் பார் நியூயோர்க் நவீன கலை நூதனசாலைக்காகக் கொண்டு சென்றார். கட்டடக் கலைஞர் ஹூகோ ஹேரிங் நாசிகளின் காலத்திலும் யுத்தத்திலும் காத்து வைத்த பெருந்தொகுதியை 1958இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் நூதனசாலை பெற்றுக்கொண்டது. எனவே மேற்குலகம் அறிந்த மலேவிச் 1927ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டார். பிற்காலத்துப் படங்களோ லெனின்கிராட்டிலே நூதனசாலையின் களஞ்சிய அறைகளிலே பல ஆண்டுகள் உறங்கின. 1988, 1989ஆம் ஆண்டுகளிலே லெனின்கிராட், மொஸ்கோ, ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களிலே நடைபெற்ற பெருங் கண்காட்சியிலேதான் இரு பாதிகளும் ஒன்றாகக் கூடின. ஒரு மனிதரின் வாழ்வை இரண்டாகப் பிளந்து, இரண்டு உலகங்களிலே அறுபது ஆண்டுகள் பூட்டி வைத்துவிட்டு, நடுவிலே ஏன் இத்துணைப் பெரிய வெடிப்பு என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்? வெடிப்பின் ஒரு பகுதி ஓவியருடையது. மறு பகுதி நாம் பார்த்த விதத்தினுடையது.

முழுமையாகச் சேர்த்துப் பார்க்கும்போது, தொடர்ச்சியே மிகுதியாகத் தெரிகிறது. செஞ்சதுரத்துக்குக் குடியானவப் பெண்ணின் பெயர் சூட்டியவர், பின்னர்க் குடியானவரின் முகத்திலே வெறுமையை வைத்தார். அதன்பின், தாம் அன்பு கொண்டோரின் முகங்களைச் சதுரங்களாலும் பட்டைகளாலும் ஆன ஆடைக்கு மேலே நிறுத்தினார். கருஞ்சதுரம் எதிர்கால உலகத்தின் வாசல் என்று அவர் நம்பியிருந்தார். அவ்வுலகம் வரவில்லை, வந்தது வேறோர் உலகம். வராத அவ்வுலகத்தின் குடிகளாகத் தம் மனைவியையும் நண்பரையும் தம்மையும் உடையணிவித்து வரைந்து வைத்தார் என்பதே இப்படங்களைக் காணும்போது என் மனத்துக்குப் பொருத்தமாகப் படுகிறது. திருவுருவங்களின் இடத்தைச் சதுரத்துக்குக் கொடுத்தவர், ஈற்றிலே அச்சதுரத்தைக் கையொப்பம் ஆகும்படி சிறுக்கச் செய்து, திருவுருவங்களின் அமைதியை மனித முகத்துக்குக் கொடுத்தார்.

அம்முகங்கள் வரையப்பட்ட காலத்திலே முகத்தின் விலை என்ன என்பதற்குப் பூனினின் வாழ்வே சான்று. 1935இல் அவர் கைதுசெய்யப்பட்டு விடுதலையானார். 1949இல் மீண்டும் கைதானார். 1953இல் வட துருவ வட்டத்தை அடுத்த அபேஸ் முகாமிலே உயிர் நீத்தார். அவர் மறைந்த பின்னும், அந்த அங்கியோடும் அமைதியோடும் அவர் முகம் மலேவிச்சின் துணியிலே நிலைத்து நிற்கிறது.

1933இல் மலேவிச்சுக்குப் புற்றுநோய் கண்டது. வெளிநாட்டிலே சிகிச்சை பெற அனுமதி கிடைக்கவில்லை. 1935ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி லெனின்கிராட்டிலே காலமானார். கிடத்தி வைத்த உடலுக்கு மேலே சுவரிலே கருஞ்சதுரம் தொங்கியது. மாணவர் சுவெத்தின் அமைத்த பெட்டியிலே சதுரமும் வட்டமும் தீட்டப்பட்டிருந்தன. ஊர்வலம் சென்ற வண்டியின் முன்புறத்திலும் அதே சதுரம் விளங்கியது. புகையிரதத்திலே மொஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்ட உடல் அங்கே எரியூட்டப்பட்டு, சாம்பல் நெம்சினோவ்கா என்னும் ஊரிலே ஓர் ஓக் மரத்தின் அடியிலே புதைக்கப்பட்டது. மேலே வெண்ணிறக் கனசதுரம். அதன் முகப்பிலே கருஞ்சதுரம். இரண்டாம் மகாயுத்தத்திலே அவ்வடையாளமும் அழிந்துபோயிற்று.

அந்த இறுதிச் சடங்கின் புகைப்படங்களைப் பார்ப்போர், மாணவர்கள் தம் ஆசிரியரைக் கருஞ்சதுரத்தின் ஓவியராகவே வழியனுப்பினர் என்பதை உணர்வர். அது அவர்களுடைய கடமை. அதனைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் வரலாறு அவ்வறையின் சுவரிலே மற்றொரு படத்தையும் மாட்டி வைக்க வேண்டும். விரிந்த வெறுங்கையோடு நம்மை விட்டு அப்பால் எதையோ நோக்கி நிற்கும் அந்த முதியவரின் படமே அது. கருஞ்சதுரத்தை அறியாமல் அந்தக் கையின் பொருளை அறிய முடியாது. அந்த முகத்தைக் காணாமல் கருஞ்சதுரத்தை வரைந்தவர் யார் என்பதையும் அறிய முடியாது.